கப்பலை விட்டு இறங்கிய பீரங்கி

பீரங்கி என்றால் ஆனை மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஜெர்மன் கடற்படையின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கி ஏமாற்றம்தான். க்ரூப் ஆலையின் தயாரிப்பு. குழல் நாலு மீட்டர் சொச்சம். குண்டின் எடை 17 கிலோ. ஆனால் சூட்சுமமே அந்த 17 கிலோவில் இருக்கிறது. குண்டும் மருந்தும் சேர்ந்த முழுத் தோட்டாவை ஒரே மாலுமி தூக்கிச் செருகிவிடலாம்.

பின்வாயை அடைக்கத் திருகு கிடையாது. பக்கவாட்டில் வழுக்கி வந்து கச்சிதமாக உட்காரும் உருக்கு ஆப்பு ஒன்றுதான். வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை உறை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னால் கசியாது. ஆப்பை இழுத்தால் வெற்று உறை வெளியே வந்து விழும், அடுத்தது உள்ளே போகும். கைதேர்ந்த ஆட்கள் நிமிடத்துக்கு 15 குண்டு வரை சுட்டார்கள்.

சென்னைக்கு இதன் சத்தம் தெரியும். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, இந்தப் பீரங்கிகளை ஏந்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரே கதிகலங்கியது உண்மை. ஆனாலும் அசையாமல் நிற்கும் தொட்டியைக் கிட்டத்திலிருந்து அடிப்பதில் பீரங்கிக்கு என்ன பெருமை?

பெருமை, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே தெரிந்தது. எதிரே ஆஸ்திரேலியாவின் போர்க்கப்பல் சிட்னி. அதன் குண்டு ஒவ்வொன்றும் 45 கிலோ. எம்டனோ குழலை 30 பாகை வரை நிமிர்த்தி, எதிரி எதிர்பாராத தூரத்திலிருந்து முதலில் அடித்தது. சிட்னியின் தூரமானிக் கருவி ஒன்று நொறுங்கியது. ஆனாலும் சின்னக் குண்டால் பெரிய கப்பலை நிறுத்த முடியவில்லை. எம்டன் சின்னாபின்னமாகித் தரைதட்டியது. போரின் நடுவிலேயே ஜெர்மானியர் தங்கள் இலகு குரூசர்களுக்கு 15 சென்டிமீட்டர் பீரங்கியைப் பொருத்தத் தொடங்கினார்கள். கடலில் இதன் காலம் முடிந்துகொண்டிருந்தது.

தரையில் கதை வேறு. இதே பீரங்கிகளை ஏந்திய இன்னொரு ஜெர்மன் போர்க்கப்பல் கோனிக்ஸ்பெர்க் 1915 ஜூலையில் கிழக்காப்பிரிக்காவின் ரூஃபிஜி ஆற்றுக் கழிமுகத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அதன் பத்துப் பீரங்கிகளையும் ஜெர்மானியர் வெளியே எடுத்து, தார் எஸ் சலாம் பட்டறையில் சீர்செய்து, பலவற்றுக்குச் சக்கரமும் பூட்டினார்கள். ஒன்று டாங்கனிக்கா ஏரியில் ஓடிய கோட்ஸன் கப்பலில் ஏறியது. சக்கரம் பூட்டியவை அங்கிருந்த ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் படையோடு காடும் மேடுமாக அலைந்தன. ஒவ்வொன்றையும் தேர்வடம் பிடிப்பதுபோல நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் இழுத்தார்கள். பீரங்கியைப் புகழும் புத்தகங்களில் அவர்கள் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். அது எனக்கு உறுத்தல். கப்பலின் இயந்திரம் எதையும் நம்பாமல் கைபலத்தில் இயங்கும் பீரங்கி என்பதால்தான் புதர்க்காட்டிலும் இது 1917 வரை தாக்குப்பிடித்தது.

எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி ஹைட் பார்க்கில் நிற்கிறது. கோனிக்ஸ்பெர்க்கின் பீரங்கிகளை மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டையிலும் பிரிட்டோரியாவின் யூனியன் பில்டிங்ஸ் வளாகத்திலும் காணலாம். போகிறவர்கள் குழல்வாய்ப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள்; வேலைப்பாடு அங்கேதான்.