ஸ்லைடு தாளுக்கு இறங்கும்போது

நாலுக்கு ஐந்து அங்குல ஸ்லைடு ஃபிலிமை ஒளிமேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், நிழலுக்குள்ளும் நிறம் கனன்றுகொண்டிருக்கும். ஊடுருவி வரும் ஒளியின் அந்த வீச்சு, பட்டுத் திரும்பும் ஒளியை நம்பியிருக்கும் தாளுக்கு வாய்க்காது. ஆகவே பிரிண்ட் முறையைத் தேர்வது, எதை இழக்கச் சம்மதம் என்று தேர்வதுதான். சிபாக்ரோம் என்ற பிரிண்ட் முறையில் தாளிலேயே சாயங்கள் முன்பே அடுக்கடுக்காகக் காத்திருக்கும். வேண்டாத சாயம் வெளுத்துப் போக, ஈரம் காயாததுபோல் மினுங்கும் படம் மிஞ்சும். அந்த மினுக்கத்துக்கு ஈடு இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் அதன் முரட்டு கான்ட்ராஸ்டை அடக்க, மெல்லிய கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் ஒன்றைச் செய்து, ஸ்லைடோடு இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். அப்பப்பா, என்ன பொறுமை!

டிரம் ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் அச்சிடுவது கலப்படம் என்பார்கள். அந்த நெகட்டிவும் கைவேலைதானே? அது மொத்தமாக அடக்கிய கான்ட்ராஸ்டை, ஸ்கேன் செய்த படத்தில் இடம் பார்த்து அடக்கலாம். சிபாக்ரோம் தாளின் உற்பத்தியும் நின்றுவிட்டது. இங்க்ஜெட்டிலோ, வெல்வியா ஸ்லைடு ஃபிலிமில் எடுத்த செம்மேப்பிள் இலைகளுக்குப் பளபளப்புத் தாள் பொருந்தும். விரலில் சொரசொரக்கும் மேட் பருத்தித்தாளில் அவை சற்றே மங்கும், மூடுபனியோ அங்கேதான் இயல்பாக விரியும்.