அறிவியல் புனைகதையை ரசிப்பது எப்படி?

அறிவியல் புனைகதையில் எழுத்தாளர் பெரும்பாலும் உலகத்தின் ஒரே ஓர் அம்சத்தைத்தான் மாற்றுகிறார். மற்றதெல்லாம் அதன் பின்னால் இழுபட்டு வருகிறது. அந்த ஒன்று எது என்று கண்டுகொள்வதிலிருந்து ரசனை தொடங்குகிறது. ராக்கெட்டும் லேசரும் மட்டும் போதுமென்றால் ராஜா ராணிக் கதைக்கும் வெள்ளி உடுப்பு மாட்டிவிடலாம்.

அந்த மாற்றம் நடக்கக்கூடியதா என்பது இரண்டாம்பட்சம். எச்.ஜி. வெல்ஸ் 1901-இல் வெளிவந்த நிலவுப் பயண நாவலில் ஈர்ப்பு விசையை மறைக்கும் ‘கேவரைட்’ என்ற பொருளைக் கற்பனை செய்தார். அப்படி ஒரு பொருள் கிடையாது. ஆனால் முதல் தகடு தயாரானதுமே அதற்கு மேலிருக்கும் காற்று எடையிழந்து சீறிக் கிளம்புகிறது. புயலடித்து வீட்டுக் கூரை பறக்கிறது. சொன்ன பொய் ஒன்று. அதன்பின் போட்ட கணக்கு சுத்தம்.

இந்தக் கணக்கே கதையாகிவிடுவதை ஐசக் அசிமோவின் ‘ரன்அரவுண்ட்’ (1942) காட்டும். ரோபோவுக்கு மூன்று விதிகள்: மனிதருக்குத் தீங்கு வரக்கூடாது, சொன்னதைக் கேட்கவேண்டும், தன்னையும் காத்துக்கொள்ளவேண்டும். முந்தைய விதிக்கே முதலிடம். புதன் கோளில் செலினியம் எடுத்துவரப்போன ஸ்பீடி என்ற ரோபோ திரும்பவில்லை. விலையுயர்ந்தது என்பதால் அதன் தற்காப்பு விதியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். கட்டளையோ அழுத்தமில்லாமல் இடப்பட்டது. கட்டளை முன்னே இழுக்க, ஆபத்து பின்னே தள்ள, இரண்டும் சமமாகும் தூரத்தில் ஸ்பீடி செக்குமாடு போலச் செலினியக் குட்டையைச் சுற்றுகிறது, குடிகாரனைப் போலப் பிதற்றிக்கொண்டு. வில்லன் இல்லை, கோளாறும் இல்லை. விதிகள் எழுதியபடியே வேலை செய்கின்றன! முடிச்சை அவிழ்ப்பதும் முதல் விதிதான்: பவல் என்பவர் தன் உயிரையே ஆபத்தில் வைக்கிறார். விடையைப் படிக்குமுன் புத்தகத்தை மூடி யோசிக்கும் வாசகருக்கு இதில் இரட்டிப்பு லாபம்.

புரியாத சொற்கள் வந்தால் மிரளவேண்டியதில்லை. நல்ல எழுத்தாளர் விளக்கத்தைத் தள்ளிப்போட்டு, புதுமையை அன்றாடத்துக்குள் ஒளித்துவைப்பார். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் நிலா, சிபி, ரவி, ஜீவா என எல்லாப் பெயரும் இரண்டே எழுத்து, அது சட்டம். சர்வாதிகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசவேண்டிய வேலையை இந்தப் பெயர்களே செய்துவிடுகின்றன. அந்த நாவலில் இன்றும் வாசகர் நினைவில் நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். அதன் பெயருக்கும் இரண்டே எழுத்து.