ஆடுகளம் யாருடையது? – கணினி விளையாட்டுப் போட்டிகள் குறித்து ஒரு நோக்கு

கணினியில் நிகழ்த்தப்படும் போட்டிகளை விளையாட்டெனக் கொள்ளலாமா என்னும் விவாதம், 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அவற்றுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டதோடு பெருமளவு அடங்கிவிட்டது. உடலுழைப்பு உண்டா இல்லையா என்பதையே சுற்றிச் சுழன்ற அவ்விவாதம், அதனினும் முதன்மையான வினாவொன்றை மறைத்து வந்துள்ளது. உதைபந்தாட்டத்திற்கு உடைமையாளர் எவருமிலர், சதுரங்கத்திற்கும் இலர். கணினி விளையாட்டுக்கோ உடைமையாளர் உளர். இவ்வேறுபாடு ஆட்டக்காரரின் வாழ்வை எங்ஙனம் நிர்ணயிக்கின்றது என்பதற்குத் தென்கொரியாவின் அனுபவம் தக்க சான்றாகும்.

அமெரிக்கக் கம்பனியான பிளிசாட் 1998இல் வெளியிட்ட ‘ஸ்ரார்கிராப்ற்’, 1997ஆம் ஆண்டு நெருக்கடியிலிருந்து மீள முயன்றுகொண்டிருந்த கொரியாவை வந்தடைந்தது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கணினியைப் பயன்படுத்தும் ‘பிசி பாங்’ நிலையங்கள் அக்காலத்தில் நகரெங்கும் பெருகின. 2000இல் கொரிய ஈ-ஸ்போர்ட்ஸ் சங்கம் தோன்றியது. போட்டிகளை ஒளிபரப்பத் தனித் தொலைக்காட்சி அலைவரிசைகளும் எழுந்தன. எஸ்.கே. ரெலிகொம், கே.ரி. முதலிய பெருங் கம்பனிகள் சம்பளக் குழுக்களை அமைத்தன. 2004இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடைபெற்ற இறுதிப் போட்டிக்கு ஓரிலட்சம் பேர் திரண்டனர் எனக் கூறப்பட்டது. 2007இல் விமானப்படைகூடத் தனக்கென ஒரு குழுவை அமைத்தது. கட்டாய இராணுவ சேவைக்குச் சென்ற ஆட்டக்காரர் அதில் ஆடினர்.

இவ்வளர்ச்சியில் நுணுகி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவ்விளையாட்டில் மூன்று இனங்கள் ஒன்றோடொன்று பொருதுகின்றன. அவற்றின் வலு சமநிலையில் இல்லாவிடிற் போட்டி பொருளற்றுப் போகும். ஆயின் 2001க்குப் பின்னர் பிளிசாட் அச்சமநிலையைத் திருத்தவில்லை. ஓரினம் மேலோங்கும்போதெல்லாம் அதனைச் சரிசெய்தோர் கொரியப் போட்டிகளுக்குக் களங்களை வரைந்தவர்களே. ஒரு மேட்டினை ஒடுக்கியும், ஒரு வாயிலை அகட்டியும், கனிவளத்தை இடம்மாற்றியும் அவர்கள் ஆட்டத்தைப் புதுப்பித்தனர். ஆட்டக்காரரும் ஒவ்வொரு பருவத்திலும் உருவாக்கியவர் எண்ணியிராத உத்திகளைக் கண்டனர். இலட்சக்கணக்கானோர் பார்த்துக் களித்த ஸ்ரார்கிராப்ற், கம்பனி விற்ற பெட்டிக்குள் இருந்த பொருள் மட்டுமன்று. பலரது உழைப்பினால் அதன்மேற் கட்டியெழுப்பப்பட்டதொன்று. பதிப்புரிமைச் சட்டம் இவ்வுழைப்பைக் காண்பதில்லை.

காணாமையின் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 2007இல் சங்கம் ஒளிபரப்புரிமையை விற்க முற்பட்டமை முரண்பாட்டைத் தொடக்கிவைத்தது. 2010இல் பிளிசாட் சங்கத்துடனான பேச்சுவார்த்தையை முறித்து, கொரிய ஒளிபரப்புரிமையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது; அலைவரிசைகள்மீது வழக்கும் எழுந்தது. 2011இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, தாம் பத்தாண்டுகளாக வளர்த்த ஆட்டத்தை ஒளிபரப்ப அவ்வலைவரிசைகள் உரிமம் பெற வேண்டியவையாயின. சங்கத்தை ஆட்டக்காரரின் காவலனாகக் கருதுவதும் பிழையே. குழுக்களை வைத்திருந்த கம்பனிகளின் செல்வாக்கே அதனுள் மேலோங்கியிருந்தது. இரு முதலாளிகளின் பிணக்கில் விரலால் உழைத்தவன் விலைபேசப்படும் பொருளாக நின்றான்.

இதே 2010இல் ஆட்டக்காரர் சிலர் பணத்துக்காகத் தோற்றுக்கொடுத்தமை அம்பலமாயிற்று. 11 பேரைச் சங்கம் நிரந்தரமாக விலக்கியது. தண்டனை தகாததெனக் கூறுவதற்கில்லை. எனினும், அதனைத் தனிமனித ஒழுக்கக்கேடாக மட்டும் காட்டி அமைந்துவிடுதல் திறனாய்வாகாது. பதின்ம வயதிற் கல்வியைத் துறந்து குழுவின் விடுதியிலே தங்கி, நாளில் பத்து மணிநேரத்திற்கு மேலாகப் பயிற்சி பெறும் இளைஞனுக்கு இருபத்தைந்து வயதின்பின் என்ன தொழில் உண்டு என்பதும் உடன் வினவப்பட வேண்டும்.

உதைபந்தாட்டத்திலும் சம்மேளனங்கள் ஆதிக்கம் செலுத்துகின்றனவே என்பர் சிலர். உண்மைதான். ஆனால் 1993இல் கஸ்பரோவும் ஷோர்ட்டும் உலகச் சதுரங்கச் சம்மேளனத்தை விட்டு வெளியேறித் தம் சங்கத்தின் பெயரால் இலண்டனில் ஆடினர். சம்மேளனம் பட்டத்தைப் பறிக்கலாம். குதிரையின் நகர்வைப் பறிக்க இயலாது. ஸ்ரார்கிராப்ற் ஆட்டக்காரன் அவ்வாறு வெளியேறிச் செல்லுமிடம் எது?

உடைமையாளரே போட்டியையும் நடத்தும்போது நிலை இன்னும் கடியதாகின்றது. 2015இல் வெளியான ‘ஹீரோஸ் ஒவ் த ஸ்ரோம்’ என்னும் ஆட்டத்திற்குப் பிளிசாட் தானே உலகளாவிய தொடரொன்றை நடத்திவந்தது. 2018 டிசெம்பரில், மறு ஆண்டு அத்தொடர் நடைபெறமாட்டாதென ஓர் அறிவித்தலை அது வெளியிட்டது. அடுத்த பருவத்துக்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் பலர் அச்செய்தியை ஏனைய பொதுமக்களோடு ஒருங்கே அறிந்தனர்.