எது பிராந்திய விமானம்?
இண்டிகோ நாட்டிலேயே பெரிய விமான நிறுவனம். ஆனா சேலத்துக்குப் பறக்குறது அதோட 78 இருக்கை ஏடிஆர் 72. இது பெரிய சேவையா, பிராந்திய சேவையா?

அமெரிக்காவில் அளவுகோல் வருமானம். ஆண்டுக்கு 100 கோடி டாலர் தாண்டினால் 'மேஜர்'. சின்ன ஜெட்களையே ஓட்டும் ஸ்கைவெஸ்ட்டும் அப்படித்தான் மேஜர் ஆனது (வேடிக்கைதான்).

நம்மூரில் இருக்கைக் கணக்கு. 80க்குக் குறைந்தால் உள்நாட்டுச் சேவைக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. 2005இல் பறக்க ஆரம்பித்த பாரமவுண்டின் 70, 75 இருக்கை எம்ப்ரேயர்கள் கச்சிதமாக அதற்குள் அடங்கின. சென்னை–பெங்களூரு பறந்தாலும் அதே சலுகை!

என் குறை இதுதான்: சலுகை விமானத்தின் உடம்புக்கு, போய்ச் சேரும் ஊருக்கு இல்லை. ஊரைப் பார்த்துத் தரும் உடான் மானியமோ மூணே வருஷம். 2018இல் சேலம் வந்த ட்ரூஜெட் 2021இல் நின்றது. அடுத்த விமானம் வந்தது 2023இல்.