வண்ணம் பூசினால் அறிவியலாகுமா?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இப்போது கணிப்பொறி விளையாட்டுகளும் இடம்பெறுகின்றன. மாணவர்கள் தாமே நிரல் எழுதி உருவாக்கியவை அவை. பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால், பாராட்டிவிட்டு நகருமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இந்த விளையாட்டில் அறிவியல் எங்கே இருக்கிறது?

வழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரையில் ஓர் ஆறு. மேலிருந்து நெகிழிப் பைகள் விழுகின்றன. கூடையில் பிடித்தால் பத்துப் புள்ளி. தலைப்பு, 'ஆற்றைக் காப்போம்'. இப்போது பைகளுக்குப் பதில் மாம்பழங்களை வையுங்கள். ஆற்றை அழித்துத் தோப்பை வரையுங்கள். விளையாட்டு இம்மியும் மாறாது. அப்படியானால் ஆற்றைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை என்றுதானே பொருள்?

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மனிதன் நிலவில் இறங்கிய 1969ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவில் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஜிம் ஸ்டோரர் நிலவில் கலத்தை இறக்கும் விளையாட்டு ஒன்றை எழுதினார். அதில் படமே கிடையாது, எண்கள் மட்டுமே. பத்து வினாடிக்கு ஒருமுறை, எவ்வளவு எரிபொருளை எரிப்பது என்று நாம் சொல்ல வேண்டும். எரிபொருள் தீரத் தீரக் கலத்தின் நிறை குறைகிறது. அதே உந்துவிசை முன்னைவிட அதிகமாக வேகத்தைத் தணிக்கிறது. நிலவின் ஈர்ப்பை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை!

2024இல் வேறொரு நிரலாளர் அந்த நிரலை ஆராய்ந்து, ஒரு வாய்பாட்டில் 2ஆல் வகுக்க விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். இதனால் ஸ்டோரரின் பெருமை குறையவில்லை. 55 ஆண்டுகளுக்குப் பின்னும் பிழை காண முடிந்ததே, அங்கே சோதித்துப் பார்க்கத்தக்க அறிவியல் இருந்ததற்குச் சான்று. கூடையில் பை பிடிக்கும் விளையாட்டில் இப்படி ஒரு பிழையைக் காட்ட முடியுமா?

நம் ஊருக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. வண்ணார்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அதைக் கண்ணால் கண்ட மாணவர்கள் எழுதத்தக்க விளையாட்டு எது? பாபநாசம் அணையை விளையாடுபவர் கையில் கொடுங்கள். அதன் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. விதி ஒன்றே ஒன்றுதான்: வரும் நீரிலிருந்து விடும் நீரைக் கழித்தால் மிஞ்சுவது அணையில் சேரும். வினாடிக்கு 20,000 கன அடி வந்து 5,000 கன அடி வெளியேறினால், ஒரு நாளில் சேர்வது ஏறத்தாழ 1,300 மில்லியன் கன அடி. அணையில் அவ்வளவு இடம் இருக்கிறதா? முன்கூட்டியே திறந்துவிட்டு, மழை பொய்த்தால் பிசானப் பயிருக்குத் தண்ணீர் ஏது? தேக்கியே வைத்திருந்து, ஒரே இரவில் மதகுகளைத் திறக்க நேர்ந்தால் ஆற்றங்கரை வீடுகள் என்னாகும்?

"கணக்கு வந்தால் விளையாட்டு சலித்துவிடும்" என்பார் சிலர். மேற்கண்ட கேள்விகளில் சலிப்பு எங்கே இருக்கிறது? விடை தெரியாமல் தவிக்கும் அந்தக் கணம்தான் விளையாட்டின் சுவை. இந்த ஒற்றை விதி போதாது என்பதும் உண்மை. அணைக்குக் கீழே பெய்யும் மழையும், கடனா போன்ற துணையாறுகளின் நீரும் இதில் சேரவில்லை. "அவற்றை எப்படிச் சேர்ப்பது?" என்று மாணவர் கேட்கும்போது பாடம் தொடங்கிவிடுகிறது.

2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் முதல் பாடம் இயக்க விதிகள்; கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் நிரல் அறிமுகம். இரண்டுக்கும் பாலம் போடுவதே மாணவரின் செயல்திட்டமாக இருக்கட்டும். அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது, படம் அழகா என்று மட்டும் பார்க்காதீர்கள். "தம்பி, இந்த விதியை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலுக்குப் பரிசு கொடுங்கள்.