ஆணைக்குழுக்களின் பாயிரம்

பழந்தமிழ் நூலொன்றைக் கற்பிக்கப் புகும் ஆசிரியன் முதலிற் பாயிரத்தையே விளக்குவான். இயற்றியவன் யார், எவர் கேட்கும் பொருட்டு, எந்த எல்லைக்குள், எப்பயன் கருதி இயற்றினான் என்பவற்றை அறியாது நூலினுட் புகுதல் ஆகாதென்பது நம் இலக்கண மரபு. அரசாங்க விசாரணை ஆணைக்குழுக்களின் அறிக்கைகளைப் படிக்குமிடத்து மாத்திரம் இம்மரபை நாம் மறந்துவிடுகிறோம். அறிக்கை வெளிவந்ததும் முடிவுரையைப் புரட்டுகிறோம்; நியாயம் சொல்லப்பட்டிருந்தால் மகிழ்கிறோம், இல்லையேற் சினக்கிறோம். ஆனால் ஆணைக்குழுவுக்கும் ஒரு பாயிரம் உண்டு. நியமன ஆணைப்பத்திரம் எனப்படும் அந்தச் சில பக்கங்களிலேயே அறிக்கையின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது.

இலங்கையில் இதற்கு மூலமாயமைந்தது 1948ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விசாரணை ஆணைக்குழுச் சட்டம். சுதந்திரம் வந்த ஆண்டிலேயே பிறந்த இச்சட்டம் அன்று மகாதேசாதிபதிக்கு அளித்த அதிகாரம் இன்று ஜனாதிபதியிடம் உள்ளது. எதை விசாரிப்பது, எவர் விசாரிப்பது, எக்காலத்துள் முடிப்பது என்பவற்றையெல்லாம் வகுப்பவர் ஒருவரே. சாட்சிகளை அழைக்கவும், சத்தியம் செய்விக்கவும், ஆவணங்களைக் கோரவும் ஆணைக்குழுவுக்கு வலிமையுண்டு. தன் எல்லையைத் தானே விரிக்கும் வலிமை மட்டும் அதற்கில்லை. கையளிக்கப்பட்ட அறிக்கையை வெளியிட்டேயாகவேண்டும் என்ற கட்டாயமும் பெற்றுக்கொண்டவருக்கு இல்லை. வயல் வரம்புத் தகராற்றை விசாரிப்பதற்கு இவ்வேற்பாடு போதியதாயிருக்கலாம். விசாரிக்கப்படவேண்டியது அரசின் பொலிசும் படையுமே என்னும்போது, எதிராளியே நடுவரைத் தெரிந்தெடுக்கும் வழக்காக அது மாறிவிடுகிறது.

இம்முறை நம் நாட்டிற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையின் பின்னர் பிரித்தானிய அரசாங்கம் ஹண்டர் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழு வேலையைத் தொடங்குமுன்னரே அதிகாரிகளைக் காக்கும் சட்டமொன்று நிறைவேறிவிட்டது. குழுவிலிருந்த இந்தியர் மூவரும் பெரும்பான்மையோரின் அறிக்கையோடு ஒத்துப்போகாது தனியறிக்கை எழுதினர். காங்கிரஸோ அக்குழுவைப் பகிஷ்கரித்துத் தானே ஒரு விசாரணையை நடத்தியது. அதில் முன்னின்று உழைத்தவர் காந்தி. ஏகாதிபத்தியம் நாட்டை விட்டுப் போனது. அதன் விசாரணைக் கலை இங்கேயே தங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கும் இப்படியொரு அனுபவம் உண்டு. 1974 ஜனவரி 10ஆம் நாள், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியின்போது, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே உயிர்கள் பலியாயின. அரசாங்கம் ஆணைக்குழு அமைக்க மறுத்தது. யாழ்ப்பாணப் பிரஜைகள் குழுவே ஒன்றை அமைத்தது. ஓய்வுபெற்ற நீதியரசர்களான ஓ. எல். டி கிறெற்சர், வி. மாணிக்கவாசகர் ஆகிய இருவரும் பேராயர் சபாபதி குலேந்திரனும் அதில் அமர்ந்தனர். எவரையும் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. இருந்தும், ஆயுதமற்ற மக்கள்மீது பொலிசார் தேவையற்ற வன்முறைத் தாக்குதலை நடத்தினர் என்று தெளிவாகச் சொல்ல அவர்களால் முடிந்தது. அரச முத்திரை இல்லாத அந்த அறிக்கையைக் கொண்டு எவரையும் நீதிமன்றத்தில் நிறுத்த இயலவில்லை என்பது அதன் மறுபக்கம்.

மூன்று ஆண்டுகள் சென்றபின் நேர்ந்த 1977 இனக்கலவரத்தை விசாரிக்க, முன்னாட் பிரதம நீதியரசர் எம். சி. சன்சோனியைத் தனி ஆணையாளராக அரசாங்கம் நியமித்தது. 1980இல் வெளிவந்த அவரது அறிக்கை சாட்சியங்களை விரிவாகப் பதிந்துள்ளது. அந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடல் ஆகாது. ஆயினும் கலவரத்தின் காரணங்களை ஆராயுமிடத்துத் தமிழ்த் தலைவர்களின் மேடைப்பேச்சும் தனிநாட்டுக் கோரிக்கையும் அங்கே முக்கிய இடம்பெறுகின்றன. 1982இல், 1977 ஓகஸ்ட் மாதச் செயல்களுக்காக அதிகாரிகள்மீது வழக்குத் தொடராதவாறு காப்பளிக்கும் சட்டம் நிறைவேறியது. ஹண்டர் காலத்திற் காப்புச்சட்டம் விசாரணைக்கு முன்னே வந்தது, இங்கே பின்னே வந்தது, அவ்வளவே வேறுபாடு.

ஆட்களை நியமிக்கும் கலையை நன்கு காட்டுவது 2006ஆம் ஆண்டு நவம்பரில் நீதியரசர் நிசங்க உடலாகம தலைமையில் அமைந்த ஆணைக்குழு. திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டது, மூதூரில் 17 தொண்டுநிறுவன ஊழியர் கொல்லப்பட்டது முதலாக 16 சம்பவங்கள் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. அதனை அவதானிக்க இந்தியாவின் முன்னாட் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமையிற் சர்வதேசப் பிரமுகர் குழுவொன்றும் அழைக்கப்பட்டது. அக்குழு விரைவிலேயே ஒரு முரண்பாட்டைச் சுட்டியது: சாட்சியத்தை நெறிப்படுத்தியவர்கள் சட்டமா அதிபர் திணைக்களத்துச் சட்டத்தரணிகள். அச்சம்பவங்களில் நடந்த முன்னைய விசாரணைகளுக்கு ஆலோசனை கூறியதும் அதே திணைக்களமே. தன் பழைய வேலையைத் தானே பரிசோதிக்கும் பரீட்சகர் நிலை அது. (பாடசாலைப் பரீட்சையில்கூட இதற்கு இடமில்லை!) சாட்சிகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டமும் அப்போது நாட்டில் இருக்கவில்லை, அது வந்தது 2015இல். 2008இற் பிரமுகர் குழு தன் பணியை முடித்துக்கொண்டு வெளியேறியது. ஆணைக்குழுவின் காலம் 2009இல் நீடிக்கப்படாமல் ஓய்ந்தபோது 16 சம்பவங்களிற் பாதிக்குக்கூட விசாரணை முடிந்திருக்கவில்லை. அதன் அறிக்கையை நாடு கண்டது 2015இல்.

பகவதி குழு கண்டித்த காலத்திற் சட்டமா அதிபராயிருந்தவர் சி. ஆர். டி சில்வா. 2010 மே மாதம் எட்டுப்பேருடன் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குத் தலைவரானவரும் அவரே. போர்க்காலத்தில் ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கைக்காகப் பேசிய எச். எம். ஜி. எஸ். பாலிஹக்காரவும் அதில் ஓர் உறுப்பினர். அவர் பின்னர் வட மாகாண ஆளுநராகவும் வந்தார். இவர்களின் தனிப்பட்ட நேர்மையை இங்கே வினவவில்லை. நேர்மையான மனிதனுக்கும் தான் வகித்த பதவியின் செயலைத் தானே தீர்ப்பிடுவது அரிது.

அந்தப் பெயரையும் தமிழாசிரியன் ஒருவனாற் சும்மா கடந்து செல்ல முடியவில்லை. ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’ என்பதில் வரும் பெயரெச்சம் இறந்தகாலத்தது. முதற் சாட்சி வாய்திறக்குமுன்னரே பாடம் கற்கப்பட்டு முடிந்துவிட்டது! கற்றவர் யார் என்பதற்கோ எழுவாயே இல்லை. பிள்ளையைத் தொலைத்த தாய் கற்றாளா, படையை நடத்தியவர் கற்றாரா? ஆணைப்பத்திரம் விசாரணையின் தொடக்க எல்லையாக 2002 பெப்ரவரி 21ஆம் நாளைக் குறித்தது. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான காலம் அது. அங்கிருந்து கதையைத் தொடங்கினால், அதற்கு முந்திய செம்மணியும் நவாலியும் முன்கதையாகக்கூட இடம்பெறமாட்டா.

நம் நண்பர் சிலர், இவையெல்லாம் ஆளும் வர்க்கத்தின் கண்துடைப்பு, படிக்கவே வேண்டியதில்லை என்பர். அது சோம்பலான முடிவு. 2011 டிசம்பரிற் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கையே, காணாமற்போனோர் பற்றிய விசாரணை, காணி, சிவில் நிர்வாகத்திற் படையினரின் தலையீடு என்பவை பற்றி அரசு விரும்பியிராத பரிந்துரைகள் சிலவற்றைச் செய்தது. சாட்சிகளின் சொல் அதிகாரிகள் வகுத்த வேலியையும் சில இடங்களிற் பிரித்துவிட்டது. அதன்பின் 2013இற் பரணகம ஆணைக்குழு வந்தது. 2021 ஜனவரியில், முன்னைய ஆணைக்குழுக்களின் முடிவுகளை ஆராயவென்றே நீதியரசர் ஏ. எச். எம். டி. நவாஸ் தலைமையில் மற்றொன்று வந்தது. உரைக்கு உரை வகுக்கும் காலம் இலக்கியத்திலும் உண்டு; ஆனால் அங்கே மூலமாவது கைக்குக் கிடைக்கும்.

இங்கே மூலம் என்பது அறிக்கையன்று, சாட்சியமே. 2010 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் நடந்த அமர்வுகளிலே தாய்மாரும் மனைவிமாரும் தமிழிற் சொன்னவை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சென்று ஆங்கில அறிக்கையிற் சுருங்கின. அவர்கள் தம் வாய்மொழியாற் சொன்ன வடிவம், அவர்களின் இசைவுடனும் பாதுகாப்புடனும், ஒரு சொல்லும் குறையாது தமிழில் அச்சேறவேண்டும். நம் பல்கலைக்கழகத் தமிழ், வரலாறு, சட்டத் துறைகள் இதனைக் கோரவேண்டும். ஆசிரியர் சங்கங்களும் உடன் கையொப்பமிடலாம். புதிய ஆணைக்குழு ஒன்று எப்போது அறிவிக்கப்பட்டாலும், அதன் ஆணைப்பத்திரம் வெளியான கிழமையிலேயே வகுப்பறைகளில் அதை வரிவரியாகப் படிக்கும் வழக்கம் வந்தால், முடிவுரைக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கவேண்டியதில்லை.