பின் ஸீட்டிலிருந்து

நாவல்களைப் பற்றி எழுதி வருகிற நான் மோட்டார் கார்களைப் பற்றி எழுதலாமா என்று எனக்கே தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதங்களாக நான் படித்ததெல்லாம் கார் கம்பெனிகளின் விளம்பரப் புஸ்தகங்கள்தான். அவையும் ஒருவகைக் கற்பனை இலக்கியந்தான் என்பது என் அபிப்பிராயம். நாவலைப் பற்றி நான் தவறாகச் சொல்லிவிட்டால் வாசகருக்குச் சில நூறு ரூபாய் நஷ்டம். இதில் தவறினால் எங்கள் குடும்பத்தின் பதினைந்து வருஷச் சேமிப்புப் போய்விடும். ஆகையால் விமரிசகன் கொஞ்சம் கூடுதலாகவே கண்ணைத் திறந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம் இது.

என் தாயார் பிறந்த ஊர் பழனி மலையிலுள்ள பண்ணைக்காடு. நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். முன்பெல்லாம் வருஷத்துக்கு நாலு தடவையாவது அம்மா பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவாள். முழங்கால் தேய்ந்த பிறகு பஸ் படி ஏற முடியவில்லை. எங்களிடமிருந்த சின்னக் காரில் ஸீட் தாழ்வு. உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். இரண்டு வருஷமாக அவள் ஊரைப் பார்க்கவில்லை. கேட்டால், "அங்க யாருப்பா இருக்கா?" என்பாள். இருக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனவே ஐந்து பேர் உட்கார்ந்து மலை ஏறக்கூடிய ஒரு வண்டி வேண்டியிருந்தது. இன்று நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் விரும்புகிற ஜாதி, கிராஸ்ஓவர் என்றும் எஸ்.யூ.வி. என்றும் சொல்லப்படுகிற உயரமான வண்டிதான். ஜீப் என்றால் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று கீழே, அதன் மேல் தனியாகப் பொருத்திய உடல். கிராஸ்ஓவரில் அந்தச் சட்டம் கிடையாது. காருக்கு உள்ளது போலவே ஒரே கூடு. அதைச் சற்று உயர்த்திப் பெரிய சக்கரம் போட்டிருக்கிறார்கள். 1994ல் டொயோட்டா கம்பெனி வெளியிட்ட ராவ்4 இந்த வம்சத்தின் முன்னோர்களில் ஒன்று. நம் பக்கத்தில் இந்த ஆசையை வீட்டுக்கு வீடு பரப்பியது 2015ல் வந்த ஹ்யுண்டாய் கிரெட்டா. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது.

விளம்பரப் புஸ்தகத்தைத் திறந்தால் வண்டி ஒரு பாறை உச்சியில் நிற்கிறது. சாலையே கண்ணில் படவில்லை. ஆனால் கிரெட்டாவிலும் ஹோண்டா எலிவேட்டிலும் இன்ஜின் இழுப்பது முன் சக்கரங்கள் இரண்டை மட்டுந்தான். அந்தப் பாறைமேல் அது எப்படி ஏறியது என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். கதாநாயகன் வீரன் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடைசிவரை ஒரு காரியமும் செய்ய வைக்காத நாவல்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

எதையும் ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல் எது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். என் அளவுகோல் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் மலைப்பாதை. 1845ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியபோது இந்தச் சாலை இல்லை. ஆட்கள் சுமந்த நாற்காலியிலும் குதிரையிலும் கால்நடையாகவும்தான் மேலே போனார்கள். இன்று நல்ல தார்ச்சாலை இருக்கிறது. இதில் ஏற ஜீப்பின் வீரம் தேவையே இல்லை. தேவையானவை வேறு.

முதலாவது ஏற்றம். கொடைக்கானல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்கு மூச்சுத் திணறும். எலிவேட்டின் 121 குதிரைசக்தி மேலே போகையில் நூற்றுக்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். டர்போ உள்ள இன்ஜின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அவ்வளவு இழப்பதில்லை. கிரெட்டாவின் ஒன்றரை லிட்டர் டீஸல் 116 குதிரைசக்திதான். ஆனால் இழுவிசை 250 நியூட்டன் மீட்டர். எலிவேட்டுக்கு 145. ஏற்றத்தில் மட்டும் மார்க் போட வேண்டுமானால் டீஸலுக்குத்தான் போடுவேன்.

இரண்டாவது இறக்கம். இதைப் பற்றி எந்தப் புஸ்தகமும் பேசுவதில்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது இந்தப் பக்கத்து டிரைவர்களின் வேதம். அதை மறந்து பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறவர்களின் வண்டிகள்தான் வழியில் கருகல் நாற்றத்துடன் நிற்கின்றன. மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் என்ற இரண்டு பெயர்களில் 2022ல் வந்த ஹைப்ரிட் வண்டியில், இறங்கும்போது பாட்டரியில் மின்சாரம் சேரும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஆட்களோடு சேர்ந்து 1,700 கிலோ கனமுள்ள வண்டி 1,800 மீட்டர் இறங்கினால், வீட்டு மீட்டர்க் கணக்கில் எட்டு யூனிட் சக்தி வெளிப்படுகிறது. அந்தப் பாட்டரியில் கொள்வது முக்கால் யூனிட். நிரம்பியபின் இன்ஜினே சுழன்று வண்டியைத் தடுக்க வேண்டியதுதான். குறையாக இதைச் சொல்லவில்லை. மலையிறக்கம் முழுவதும் சேமிப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். லிட்டருக்கு ஓடும் தூரத்தில் இந்த வண்டியை மற்றவை நெருங்க முடியாது. ஆனால் அந்தப் பாட்டரி, சாமான் வைக்கும் இடத்தை 265 லிட்டராகக் குறைத்துவிடுகிறது. எலிவேட்டில் அது 458 லிட்டர். அம்மாவின் மடக்கு நாற்காலியை வைத்தபின் பெட்டிக்கும் இடம் வேண்டுமே.

மூன்றாவது, நான் கடைசியாகக் கண்டுகொண்டது, பின் ஸீட். உறவினர் ஒருவர் தம் பெரிய வண்டியில் ஒரு நாள் எங்களை மலைக்கு அழைத்துப் போனார். என்ன வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. இடமிருக்கிறதே என்று அம்மாவை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தோம். டம்டம் பாறை வருவதற்குள் இரண்டு தடவை நிறுத்தவேண்டியதாயிற்று. "வெளியே ஒண்ணுமே தெரியலப்பா. குலுங்குற கெணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். பண்ணைக்காடு போகாமலே திரும்பிவிட்டோம்.

கண் அசைவைக் காணாதிருக்க, காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு அசைவை உணர்ந்தால், மூளை குழம்பி வயிறு புரட்டுகிறது. வண்டி பலமாகத் தெரியவேண்டும் என்பதற்காக இந்த ஜாதி வண்டிகளில் ஜன்னலின் கீழ்விளிம்பை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். குள்ளமான கிழவிக்கும் குழந்தைக்கும் தெரிவது கதவின் உட்புறம் மட்டுமே. வெளியிலிருந்து பார்ப்பவனுக்காக எழுதப்பட்ட புஸ்தகம் அது. உள்ளே இருப்பவனுக்காக அல்ல.

2021ல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி 700, டாடாவின் ஹாரியர் இரண்டும் மோதல் பரீட்சையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. அதை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் இரண்டும் கிரெட்டாவைவிடப் பத்து சென்டிமீட்டராவது அகலம் கூடியவை. கொண்டை ஊசி வளைவில் பஸ் எதிரே வரும்போது அந்தப் பத்து சென்டிமீட்டரின் விலை தெரியும்.

இப்படியெல்லாம் குறை சொல்பவன் கிராஸ்ஓவரே வேண்டாம் என்றல்லவா முடிக்கவேண்டும்? நானும் அப்படித்தான் முடிக்க இருந்தேன். ஒரு நாள் மனைவி சொன்னாள்: "நாமளே பேசிக்கிட்டிருந்தா எப்படி? அத்தைய உக்கார வச்சுப் பாப்போம்."

நாலு கடைகளுக்கு அழைத்துப் போனோம். விற்பனை செய்யும் பையன் திரையையும் கூரைக் கண்ணாடியையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா எதையும் கேட்கவில்லை. பின் கதவைத் திறந்து, ஸீட்டில் இடுப்பைச் சாய்த்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு தானாகவே இறங்கினாள். யாரும் கை கொடுக்கவில்லை.

இந்த வண்டிகளின் உண்மையான குணம் அதுதான். ஸீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. கார் போலக் கீழே விழவேண்டாம். ஜீப் போலத் தொற்றி ஏறவேண்டாம். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வீரம் பொய். எழுதாமல் விட்ட இந்தச் சின்ன உபகாரம் மெய். நல்ல நாவல்களிலும் இப்படி நேர்வதுண்டு. ஆசிரியர் எதைப் பெரிதாக நினைத்து எழுதினாரோ அது நிற்பதில்லை. போகிற போக்கில் எழுதிய ஒரு பாத்திரம் நின்றுவிடுகிறது.

எலிவேட் என்று முடிவு செய்திருக்கிறோம். ஏற்றத்தில் மெதுவாகத்தான் போகும்; எங்களுக்கும் அவசரம் இல்லை. வரி நாற்பது சதவிகிதம் என்பது மட்டும் உறுத்துகிறது. 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு அது பதினெட்டாயிற்று.

இன்னொரு உறுத்தலும் உண்டு. 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு வருஷக் கோடையில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 என்று எல்லையும் வகுத்தது. மலை தாங்காது என்பதுதான் காரணம். அம்மாவின் ஊரைப் பார்க்க நானும் ஒரு வண்டியைக் கூட்டுகிறேன். அதனால் வருஷத்துக்கு நாலு தடவை, சனி ஞாயிறு இல்லாத நாளில், வண்டியில் ஒரு ஸீட்டும் காலியில்லாமல் என்று எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வண்டி வர ஆறு வாரம் ஆகுமாம். "பண்ணைக்காட்டுல யாருக்கும் சொல்லிடாதே, நானே போய் நிக்கிறேன்" என்கிறாள் அம்மா.